யார் ஊர்க்காரர்? பிராவின்ஸ்டவுன் கோடையும் ஒரு சிறு சுகாதாரத் துறையும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 351 ஊர்களும் நகரங்களும் உள்ளன. பல மாநிலங்களில் மாவட்ட அளவில் நடக்கும் பொதுச் சுகாதார வேலையை இங்கே ஒவ்வொரு ஊரும் தனித்தனியே செய்துகொள்கிறது. லட்சக்கணக்கானோர் வாழும் நகரமானாலும் சில நூறு பேர் வாழும் சிற்றூரானாலும் சட்டம் சுமத்தும் கடமை ஏறக்குறைய ஒன்றுதான்: தொற்றுநோயை விசாரிக்க வேண்டும், உணவகங்களைச் சோதிக்க வேண்டும், கழிவுநீர்த் தொட்டிகளுக்கு அனுமதி தர வேண்டும், கோடையில் கடற்கரை நீரைப் பரிசோதிக்க வேண்டும். கடமையில் சிறியது பெரியது இல்லை. ஆள்பலத்தில் மட்டும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் மிகவும் சிக்கலான இடத்தில் மாட்டிக்கொள்பவை சீசன் ஊர்கள். கேப் காட் தீபகற்பத்தின் நுனியில் இருக்கும் பிராவின்ஸ்டவுன் அவற்றுள் ஒன்று. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் முதலில் கரையிறங்கிய இடம். பிற்காலத்தில் மீனவர்களின் ஊராகவும் ஓவியர்களின் ஊராகவும் இருந்து, இன்று தன்பாலீர்ப்பாளர்கள் அச்சமின்றி வந்து போகும் கோடை ஊராக உலகெங்கும் அறியப்படுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்பவர்கள் 3,664 பேர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊருக்குள் இருப்பவர்கள் 60,000 வரை போகலாம். மிக அருகில் உள்ள மருத்துவமனை ஹயானிஸ் நகரில், சுமார் 50 மைல் தொலைவில். கோடையில் அந்த ஒற்றைச் சாலை எப்படி அடைத்துக்கொண்டு நிற்கும் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

2021 ஜூலையில் இந்த ஊரில் கோவிட் தொற்று ஒன்று வெடித்தது. தடுப்பூசியைப் பற்றி உலகம் பேசிய விதத்தையே சில வாரங்களுக்கு அது மாற்றிப்போட்டது. அதைப் பற்றிப் பெரும்பாலும் வைரஸின் கதையாகவே எழுதினார்கள். ஒரு சிறிய சுகாதாரத் துறையை நடத்துபவரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் அது வேறு கதை: யாருக்குப் பொறுப்பேற்கிறோம், யாரை எண்ணுகிறோம் என்ற இரண்டும் ஒன்றாக இல்லாதபோது என்ன நடக்கும் என்பது பற்றியது.

யார் பணம், யார் வாக்கு

மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதி ஊர்களில் ஆண்டு வரவுசெலவை ஊர்ப் பொதுக்கூட்டம்தான் முடிவு செய்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் வந்து அமர்ந்து கையுயர்த்துவார்கள். பிராவின்ஸ்டவுனில் அது ஏப்ரலில், அதாவது சீசன் தொடங்குமுன், காற்று இன்னும் குளிராக இருக்கும்போது நடக்கிறது. சுகாதாரத் துறைக்கு இன்னொரு ஆய்வாளர் வேண்டுமா என்ற கேள்விக்கு அங்கே விடை சொல்பவர்கள் குளிர்காலத்து ஊர்க்காரர்கள். அந்த ஆய்வாளர் சோதிக்கப்போகும் விடுதிகளிலும் உணவகங்களிலும் படுத்து உண்டு போகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்கள் அறை வாடகையோடு வரி கட்டுகிறார்கள். 2019 ஜூலை முதல் வீடுகளைச் சில நாள் வாடகைக்கு விடுவோரும் அந்த வரிக்குள் வந்துவிட்டார்கள். ஆக, பணம் விருந்தினருடையது, வாக்கு ஊராருடையது. சுகாதாரத் துறையின் இயக்குநருக்குச் சம்பளம் தரும் ஊர் எந்தத் தொழிலால் பிழைக்கிறதோ, அந்தத் தொழிலைத் தேவைப்பட்டால் இழுத்து நிறுத்த வேண்டியதும் அதே இயக்குநர்.

இயக்குநருக்கு மேலே இருக்கும் சுகாதார வாரியம் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்களால் ஆனது. ஆனால் அதன் அதிகாரத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மாநிலச் சட்டத்தின் 111ஆம் அத்தியாயம், 31ஆம் பிரிவு, நியாயமான சுகாதார விதிகளை இயற்றும் உரிமையை நேரடியாக வாரியத்திடம் கொடுக்கிறது. ஆளுநரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பிரிவு பின்னால் வரும்.

இன்னொரு நெருக்கடி ஆட்களைப் பிடித்து வைப்பது. கோடை வீடுகளின் விலை ஏறிப்போன ஊரில் ஊராட்சிச் சம்பளம் வாங்கும் செவிலியரோ ஆய்வாளரோ குடியிருக்க வீடு கிடைப்பதில்லை. அதனால்தான் இத்தகைய ஊர்கள் பல, சுகாதாரச் செவிலியர் பணியை வெளி நிறுவனங்களிடம் ஒப்பந்தத்தில் விட்டுவிடுகின்றன. அமைதியான குளிர்காலத்தில் அது சிக்கனம். ஜூலையில் ஒரே வாரத்தில் நூறு பேரைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க வேண்டி வரும்போதுதான் அதன் விலை தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத பத்து நாட்கள்

2020 கோடையில் இந்த ஊர் மிகக் கண்டிப்பாக இருந்தது. கடைகள் வரிசையாக நிற்கும் கமர்ஷியல் தெருவில் திறந்த வெளியில் நடக்கக்கூட முகக்கவசம் கட்டாயம். அந்தக் கோடை பெரிய சேதமின்றிக் கழிந்தது. 2021இல் எல்லாம் மாறியிருந்தது. மே 13 அன்று, முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு முகக்கவசம் வேண்டாம் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அறிவித்தது. மே 29 அன்று மாநிலக் கட்டுப்பாடுகள் நீங்கின. ஜூன் 15 அன்று மாநில அவசர நிலையும் முடிந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் பங்கு இந்த ஊரில் மாநிலத்திலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. வருகிறவர்களும் பெரும்பாலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஓராண்டு அடைபட்டுக் கிடந்தவர்கள் ஜூலை 4 சுதந்திர நாள் விடுமுறைக்கு வந்து குவிந்தார்கள். அந்த வார இறுதியில் மழை வேறு. கூட்டம் கடற்கரையை விட்டு மதுக்கூடங்களுக்குள்ளும் நடனக் கூடங்களுக்குள்ளும் ஒதுங்கியது.

ஜூலை 3 நிலவரப்படி, ஊரில் வாழ்பவர்களிடையே 14 நாள் சராசரித் தொற்று பூஜ்யம். ஜூலை 10 முதல் மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல்கள் வரத் தொடங்கின. ஜூலை 15 அன்று மற்ற மாநிலங்களுக்கு எச்சரிக்கை போனது. ஜூலை 17 அன்று அதே சராசரி நாளொன்றுக்கு லட்சத்துக்கு 177 என்று ஏறியிருந்தது.

நோய் பரவியது ஜூலை முதல் வாரத்தில். அது ஊருக்கே தெளிவாகத் தெரிந்தது இரண்டாம் வாரத்தின் முடிவில். இந்த இடைவெளிக்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை. மூன்று விதிகள் ஒரே நேரத்தில் கண்ணை மறைத்தன.

மாநிலத்தின் தொற்றுநோய்ப் பதிவேட்டில் நோயாளி எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த ஊரின் கணக்கில்தான் ஏறுவார். பாஸ்டன்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை படகேறிப் போய், செவ்வாயன்று காய்ச்சல் கண்டு, அங்கேயே பரிசோதித்துக்கொண்டால் அது பாஸ்டனின் நோயாளி. நியூயார்க்காரர் என்றால் வேறு மாநிலத்தின் பதிவேடு. நோய் தொற்றிய ஊரின் இயக்குநர் திரையில் ஒன்றும் தோன்றாது, அங்கே விசாரிப்பவர் ‘எங்கே போயிருந்தீர்கள்’ என்று கேட்டு, அந்த விடையை இங்கே அனுப்பினால் ஒழிய.

இரண்டாவது, மே 1 முதல் சிடிசி ஒரு முடிவெடுத்திருந்தது: தடுப்பூசிக்குப் பின் வரும் தொற்றுகளில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களையும் இறந்தவர்களையும் மட்டுமே தேசிய அளவில் தொகுப்பது. லேசான காய்ச்சலோடு போனவர்கள் அந்தக் கணக்கிலும் இல்லை. மூன்றாவது, ஊசி போட்டவர் நோயாளியோடு பழகியிருந்தாலும் அறிகுறி இல்லையென்றால் பரிசோதனை தேவையில்லை என்பது அப்போதைய வழிகாட்டுதல்.

மூன்றும் தனித்தனியே பார்த்தால் புரிந்துகொள்ளக்கூடியவை. குடியிருப்பை வைத்துக் கணக்கிடுவது பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் அங்கே மனிதர்கள் நோய்வாய்ப்படுவதும் தூங்குவதும் ஒரே இடத்தில். சீசன் ஊரில் மூன்றும் சேர்ந்தபோது, தடுப்பூசி போட்ட ஒரு விருந்தினர்கூட்டம் எந்தப் பதிவேட்டிலும் கூட்டமாகத் தென்படவில்லை.

அதைக் கூட்டமாகக் கண்டவர்கள் பதிவேட்டுக்கு வெளியே இருந்தார்கள். விடுமுறைக்கு வந்துபோன நண்பர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொண்டபோது, ஊசி போட்டும் நோய்கண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தெரியவந்தார்கள். தரவு ஆய்வில் தேர்ந்த ஒருவர் அவர்களின் பரிசோதனை நாள், அறிகுறி, தடுப்பூசி விவரங்களைப் பட்டியலாகத் தொகுத்துச் சிடிசியில் தமக்குத் தெரிந்தவரிடம் கொண்டுபோனார். பட்டியலில் இருந்தவர்கள் தயங்காமல் விவரம் தந்தார்கள். அரசின் விசாரணையாளர்கள் எத்தனையோ இடங்களில் கெஞ்சியும் பெற முடியாத ஒத்துழைப்பு இது. அதன் வேர் எங்கே என்பதைப் பிறகு பார்ப்போம்.

பின்னத்தின் கீழே நிற்கும் எண்

லட்சத்துக்கு 177 என்ற எண்ணைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். 3,664 பேர் வாழும் ஊரில் நாளொன்றுக்கு ஒருவருக்கு நோய் உறுதியானாலே லட்சத்துக்கு 27 என்று வந்துவிடும். 177 என்றால் நாளொன்றுக்கு ஆறேழு பேர். அது அற்பம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் பூஜ்யமாக இருந்த ஊரில் அது தீ. ஆனால் இவ்வளவு சிறிய எண்ணை வைத்துக்கொண்டு செய்தித்தாளில் வரும் வரைகோட்டைப் பார்த்து ஆட்சி செய்ய முடியாது. ஒரு வீட்டில் நால்வர் படுத்தால் கோடு மலையேறும். மறுபக்கம், ஊருக்குள் இருந்த அறுபதாயிரத்தில் எத்தனை பேருக்குத் தொற்று என்று கேட்டால் இந்த 177 வாய் திறக்காது, ஏனென்றால் அந்தப் பின்னத்தில் விருந்தினர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

சிடிசி வெளியிட்ட ஆய்வறிக்கை ஜூலை 30 அன்று வந்தது. மாசசூசெட்ஸ்காரர்களிடையே மட்டும் 469 நோயாளிகள். அவர்களில் 199 பேர், அதாவது 42 விழுக்காட்டினர், இந்த ஊரில் குடியிருப்பதாகச் சொன்னவர்கள். முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் 346 பேர், 74 விழுக்காடு. மரபணு வரிசைப்படுத்திய 133 மாதிரிகளில் 90 விழுக்காடு கொரோனா வைரஸின் டெல்டா வகை. மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஐவர், அவர்களில் நால்வர் தடுப்பூசி போட்டவர்கள். உயிரிழப்பு இல்லை. மூக்கில் இருந்த வைரஸ் அளவு ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தது என்பதுதான் அறிக்கையின் வெடி.

உலகம் 74ஐப் பிடித்துக்கொண்டது. ‘நோய்கண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊசி போட்டவர்கள், அப்படியானால் ஊசி எதற்கு?’ என்ற கேள்வி சில மணி நேரத்தில் எல்லா மொழிகளிலும் சுற்றியது. ஊரில் கூடிய எல்லோருமே ஊசி போட்டவர்கள் என்று வைத்துக்கொண்டால், நோய்கண்டவர்களில் நூற்றுக்கு நூறு பேரும் ஊசி போட்டவர்களாகத்தானே இருப்பார்கள்? அப்போது ஊசி நூறு விழுக்காடு தோற்றது என்று பொருளாகுமா? கூட்டத்தில் எத்தனை பேர் ஊசி போட்டவர்கள் என்ற எண் யாரிடமும் இல்லை. மாநில அளவில் தகுதியுள்ளோரில் 69 விழுக்காடு என்பது மட்டுமே தெரியும், ஆனால் கமர்ஷியல் தெருவில் நடமாடிய கூட்டம் மாநிலத்தின் சராசரி அல்ல. ஊசியின் திறனை அளக்க இந்தத் தரவு போதாது என்று அறிக்கையே எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்தவர்கள் குறைவு.

கணக்கில் ஒரு ஊர் சிக்கிக்கொண்டால் அதன் பெயரும் சிக்கிக்கொள்ளும். அறிக்கை ஊரின் பெயரைச் சொல்லவில்லை, ‘பார்ன்ஸ்டபிள் மாவட்டத்தின் ஒரு ஊர்’ என்றே எழுதியது. ஆனால் பெயரைச் சொல்லாமல் விட்டதால் யாருக்கும் எதுவும் மறைந்துவிடவில்லை.

ஆணையும் அதன் அளவுகோலும்

அப்போது சுகாதார இயக்குநராக இருந்தவர் மார்கன் கிளார்க். ஊர் மேலாளர் அலெக்ஸ் மோர்ஸ், அந்தப் பதவிக்கு வந்து சில மாதங்களே ஆனவர். ஜூலை 19 அன்று, ஊசி போட்டவர்கள் உட்பட எல்லோரும் கட்டடங்களுக்குள் முகக்கவசம் அணியுமாறு ஊர் பரிந்துரைத்தது. ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை, ஊர் ஆட்சிக்குழுவும் சுகாதார வாரியமும் அவசரமாகக் கூடிப் பரிந்துரையைக் கட்டாய ஆணையாக மாற்றின. ஊசி போட்டவர்களும் உள்ளரங்கில் முகக்கவசம் அணிவது நல்லது என்று சிடிசி தன் நிலையை மாற்றியது ஜூலை 27 அன்று. ஊர் இரண்டு நாள் முந்திக்கொண்டது. மாநில அவசர நிலை இல்லாத நேரத்தில் அந்த ஆணைக்கு முதுகெலும்பாக நின்றது முன்பு சொன்ன 31ஆம் பிரிவு போன்றவை தரும் ஊரின் சொந்த அதிகாரம்தான்.

இந்த வரிசையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பரிந்துரை ஒரு வாரம் முன்பே, ஜூலை 12 வாக்கில் வந்திருக்கலாம். பரிந்துரைக்கு அபராதம் கிடையாது, கடை மூட வேண்டியதில்லை, தவறிப்போனால் இழப்பு கொஞ்சம்தான். பெரிய கூட்டங்கள் வரும் வாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் ஊரில் ஏழு நாள் என்பது இன்னொரு புதிய கூட்டம் வந்து போகும் காலம். எண் உறுதியாகட்டும் என்று காத்திருப்பது நிலையான மக்கள்தொகை உள்ள ஊருக்குச் சரி. சீசன் ஊரில் எண் உறுதியாகும்போது அந்த எண்ணுக்கு உரியவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஆனால் ஆணையை வடிவமைத்த விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. எப்போது நீங்கும் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். பரிசோதனைகளில் தொற்று உறுதியாகும் விகிதம் தொடர்ந்து ஐந்து நாள் 3 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கட்டாயம் பரிந்துரையாக இறங்கும், 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பரிந்துரையும் நீங்கும். லட்சத்துக்கு இத்தனை என்ற விகிதத்தை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்ததுதான் இந்த நிகழ்வில் மிகவும் கூர்மையான நிர்வாக முடிவு என்று நினைக்கிறேன். பரிசோதனைக் கூடாரத்துக்கு வருகிறவர் ஊர்க்காரரா விருந்தினரா என்பது இந்த அளவுகோலுக்குத் தேவையில்லை. பின்னத்தின் கீழே இருந்த ‘குடியிருப்பவர்கள்’ என்ற எண்ணைக் கழற்றிவிட்டு, ‘இன்று இங்கே மூக்கை நீட்டியவர்கள்’ என்ற எண்ணை மாட்டினார்கள். நடமாடும் பரிசோதனை வண்டிகளை ஊருக்குள் நிறுத்தி, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்துவிட்டதால்தான் இந்த எண்ணுக்குப் பொருளும் வந்தது. ஜூலை 15 அன்று உச்சமாக 15 விழுக்காடாக இருந்த அந்த விகிதம் மாத முடிவில் 5க்குக் கீழே வந்தது. வெளியூரார் உட்பட இந்தத் தொற்றுக் கொத்தோடு தொடர்புடைய நோயாளிகள் பின்னர் ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

கடைக்காரர்களின் நிலையும் சொல்லப்பட வேண்டும். உணவகங்கள் சில ஆணை வருமுன்பே தாமாகக் கதவடைத்தன, சமையலறையில் நிற்க ஆள் இல்லாததால். ஜமைக்காவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் சீசன் விசாவில் வரும் தொழிலாளர்கள் இந்த ஊரின் முதுகு. ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் குடியிருப்பில், ஒருவருக்குத் தொற்று என்றால் அவரைத் தனிமைப்படுத்த ஜூலை மாதத்தில் காலி அறை எங்கே? ஒவ்வொரு அறையும் விருந்தினருக்கு விற்றுப்போயிருக்கும். தனிமைப்படுத்தும் அறைகளை ஏப்ரலிலேயே வாடகைக்குப் பேசி வைப்பது சீசன் ஊரின் சுகாதாரத் திட்டத்தில் முதல் வரியாக இருக்க வேண்டும், தடுப்பூசிக் கையிருப்புக்கும் முன்னால். மதுக்கூடங்கள் சில, யாரும் சொல்லாமலே வாசலில் தடுப்பூசிச் சான்றைக் கேட்கத் தொடங்கின. ஊராட்சி ஆய்வாளர்களை வைத்து அதை நிறைவேற்ற முயன்றிருந்தால் முடிந்திருக்காது.

1983

நோய்கண்டவர்கள் ஏன் தாமாக வந்து பெயர் கொடுத்தார்கள்? இந்த ஊருக்கு அது புதிதல்ல. 1983இல், எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே பல மருத்துவமனைகள் ஒதுங்கிய காலத்தில், ஊரின் சுகாதாரச் செவிலியராக இருந்த ஆலிஸ் ஃபோலி, விடுதி நடத்திய பிரெஸ்டன் பாபிட் என்பவரோடு சேர்ந்து எய்ட்ஸ் ஆதரவுக் குழுவைத் தொடங்கினார். வெளியூர்களில் கைவிடப்பட்டவர்கள் பலர் கடைசிக் காலத்தைக் கழிக்க இந்த ஊரைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊர்க்காரரா என்று யாரும் கேட்கவில்லை. தன் உடல்நிலையை மறைக்காமல் சொல்வது, உடன் இருந்தவருக்குத் தானே தெரிவிப்பது என்ற பழக்கம் இந்தத் தன்பாலீர்ப்பாளர் சமூகத்தில் அந்தக் காலத்தின் துயரத்தோடு வந்தது. 2021இல் பட்டியல் தயாரித்தவருக்கு நண்பர்கள் விவரம் கொடுத்ததும், கூடாரங்களில் வரிசை நின்றதும் அந்தப் பழக்கத்தின் பலன். எந்த இயக்குநரும் ஒரு கோடையில் உண்டாக்க முடியாத மூலதனம் இது. கெடுத்துவிட ஒரு கோடை போதும். விருந்தினரை நோய் கொண்டுவந்தவர்கள் என்று ஊர் நிர்வாகம் ஒருமுறை சுட்டியிருந்தாலும் கூடாரம் காலியாகியிருக்கும். பொது அறிவிப்புகளில் அந்தத் தொனி வரவில்லை. அடுத்த ஆண்டு எம்பாக்ஸ் என்னும் குரங்கம்மை வந்தபோது மாநிலத்தில் தடுப்பூசி முதலில் கிடைத்த சில இடங்களில் பிராவின்ஸ்டவுனின் மருத்துவ நிலையமும் ஒன்று.

மரபணு ஆய்வு மையமான பிராட் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் மாநிலத் துறையும் சேர்ந்து பின்னர் செய்த மரபணு ஆய்வு 2022இல் வெளியானது. வைரஸ் ஒருவரோடு வந்ததல்ல, பலமுறை பலரோடு ஊருக்குள் வந்திருக்கிறது. தடுப்பூசி போட்டவர்களிடமிருந்தும் பரவியிருக்கிறது. ஆனால் நாடு முழுதும் பின்னர் பரவிய டெல்டாவில் இந்த ஊரிலிருந்து கிளைத்தவற்றின் பங்கு மிகச் சிறியது. அறுபதாயிரம் பேர் நாலாபக்கமும் கலைந்துபோன ஒரு நிகழ்வுக்கு இது எதிர்பாராத முடிவு.

கழிவுநீர்

தொற்றின்போது ஊர் கழிவுநீரையும் சோதிக்கத் தொடங்கியது. சீசன் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. குழாயில் விழுவதற்கு முகவரி கிடையாது. பரிசோதனைக்கு வராதவரும், வேறு மாநிலத்துக்காரரும், விசா முடியப்போகும் தொழிலாளியும் அதில் எண்ணப்படுகிறார்கள். எத்தனை பேர் என்று சொல்லாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும். குளிர்காலத்து ஓட்டத்தையும் ஜூலையின் ஓட்டத்தையும் ஒப்பிட்டால் ஊரில் உண்மையில் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதற்கும் ஒரு குறிப்பு கிடைக்கும். கணக்கெடுப்பு தராத எண் அது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஊரின் ஒரு பகுதி இன்னும் வீட்டுக்கு வீடு நிலத்தடித் தொட்டிகளை நம்பியிருக்கிறது, அவை பொதுக் குழாயில் சேர்வதில்லை.

பொதுக் குழாய் அமைப்பும் ஒரு வகையில் அரியது. தாழ்ந்த மணல்நிலம் என்பதால் பல இடங்களில் கழிவுநீர் சரிவில் தானாக ஓடுவதில்லை, வெற்றிட அழுத்தத்தால் உறிஞ்சப்படுகிறது. பின்னர் வந்த ஓர் ஆகஸ்டில், கடும் மழைக்குப் பிறகு இந்த அமைப்பு செயலிழந்தது. சீசனின் உச்சத்தில், பாதிக்கப்பட்ட பகுதி உணவகங்களை மூடச் சொல்ல வேண்டியிருந்தது. வீடுகளில் துணி துவைக்க வேண்டாம், குளிக்க வேண்டாம், மிகத் தேவையானால் மட்டும் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுங்கள் என்று ஊர் அறிவித்தது. அந்த அறிவிப்பு வாடகை வீட்டில் முதல் நாள் இரவு வந்திறங்கிய குடும்பத்துக்கு எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பதுதான் அன்று சுகாதாரத் துறையின் கேள்வி. ஊரின் அவசரச் செய்திப் பட்டியலில் அவர்கள் எண் இல்லை. வாடகைக்கு விட்டவரின் எண் இருந்தது, அவர் வசிப்பது வேறு ஊரில்.